கெத்துபா: காதல் கடிதமா, கடன் பத்திரமா?

ஒரு வாசகர் கேட்டது, ஜனவரி 6

"யூதர்கள் தங்கள் திருமண ஒப்பந்தத்தைத் தோலில் எழுதி, பொன்வண்ணம் பூசி, பூவும் பறவையும் தீட்டி வைத்துக்கொள்கிறார்கள். கெத்துபா என்று பெயராம். படங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. மனைவிக்கு எழுதிய காதல் கடிதத்தை ஊரறியக் காட்டும் வழக்கம்! நம்மிடம் ஏன் இப்படி ஒன்று இல்லை?"

ஜனவரி 6, இரவு

காதல் கடிதம் இல்லை ஐயா. கடன் பத்திரம்.

என் அப்பா முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். பள்ளி விடுமுறையில் அவருக்கு மை தொட்டுக் கொடுத்து, நகல் ஒப்பிட்டுப் படித்து வளர்ந்தவன் நான். கெத்துபா ஒன்றின் மொழிபெயர்ப்பை முதன்முதலில் படித்தபோது இது அப்பாவின் வாசகம் அல்லவா என்றுதான் தோன்றியது. எழுதியிருப்பது அரமேயம் என்ற பழைய மொழியில். முதலில் கிழமை, தேதி, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் ஆண்டு, ஊர். பிறகு இன்னாரின் மகன் இன்னான், இன்னாரின் மகள் இன்னாளை நோக்கி, "மோசேயும் இஸ்ரயேலும் வகுத்த முறைப்படி எனக்கு மனைவியாக இரு, உழைத்து உன்னை மதித்து, ஊட்டி, உடுத்திக் காப்பேன்" என்கிறான். அதற்கடுத்த வரியிலேயே தொகை வந்துவிடுகிறது. முதல் திருமணம் செய்யும் கன்னிக்கு 200 சூஸ் (சூஸ் என்பது பழைய வெள்ளிக்காசு), விதவைக்கு 100. அவள் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்தது இவ்வளவு, அவன் தன் பங்குக்குக் கூட்டிக் கொடுப்பது இவ்வளவு. விவாகரத்து செய்தாலோ அவன் இறந்தாலோ எல்லாம் அவளுக்குச் சேர வேண்டும். அதற்கு ஈடாக அவனுடைய நிலம், வீடு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம், "என் தோளில் கிடக்கும் மேலாடை உட்பட".

அன்பு, காதல் என்ற சொல் வழக்கமான வாசகத்தில் எங்குமே கிடையாது. மேலாடை இருக்கிறது.

ஜனவரி 7

மேலே "உடுத்திக் காப்பேன்" என்று எழுதியதை ஒருவர் மடக்கியிருக்கிறார். அவர் பார்த்த மொழிபெயர்ப்பில் உடை தனி வாக்கியத்தில் வருகிறதாம். சரிதான். உணவும் உடையும் தனியாக ஒருமுறை சொல்லப்படுகின்றன. நான் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அப்பா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார்.

பத்திரத் தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சுவாரசியம். வாசகம் முடியும் இடத்துக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் நடுவே இரண்டு வரி அளவு வெற்றிடம் விடக் கூடாது. விட்டால் யாராவது ஒரு நிபந்தனையைச் சொருகிவிடலாம். இதே பயத்தால் யூதப் பத்திரங்களின் கடைசி வரியிலிருந்து புதிதாக எந்த நிபந்தனையையும் எடுத்துக்கொள்வதில்லை. எழுதுபவர் முன்பே சொன்னதை அங்கே திருப்பிச் சொல்லி, "எல்லாம் உறுதி, எல்லாம் செல்லும்" என்று முடித்துவிடுவார். அப்பா வரி முடிவில் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்து அடைப்பார். அதே சந்தேகப் புத்திதான்.

சில ஊர்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மணமகன் ஒரு கைக்குட்டையையோ வேறு பொருளையோ வாங்கிப் பிடித்துப் பொறுப்பை ஏற்பதைக் குறிக்கும் சொல்லில், கோஃப் என்ற எபிரேய எழுத்தின் கால் மட்டும் எழுதப்படாமல் விட்டிருக்கும். சாட்சிகள் முன்னால் அவன் கைக்குட்டையைப் பிடித்த பிறகுதான் அந்தக் கால் இழுக்கப்படும். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிய பத்திரம் பொய்ப் பத்திரம் ஆகிவிடுமே!

ஜனவரி 9

"கடன் பத்திரத்துக்கு எதற்கு மயிலும் பூவும்? அப்பா எழுதிய கிரயப் பத்திரத்தில் மயில் இருந்ததா?" என்று கேட்டவருக்கு.

இல்லை. மணமகன் மேடையில் நிற்க, இருநூறு பேர் பார்க்க, அப்பா எழுதிய பத்திரத்தை யாரும் உரக்கப் படித்ததும் இல்லை. கெத்துபாவைத் திருமணப் பந்தலின் கீழ் உரக்கப் படிப்பார்கள். படித்த பிறகு சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்றானபின் சம்பந்திகள் சும்மா இருப்பார்களா?

இந்தக் கலை உச்சம் தொட்டது 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் வெனிஸிலும் லிவோர்னோவிலும் அங்கோனாவிலும் வேரூன்றியபின், அலங்காரம் ஒரு போட்டியாகவே மாறியது. ஆட்டுத்தோலின் கழுத்துப் பகுதியை வெட்டாமல் அப்படியே மேலே விட்டிருப்பார்கள். தோலின் வடிவமே பத்திரத்துக்குக் கோபுரம் போல் அமையும். வெனிஸ் கெத்துபாக்களில் பன்னிரண்டு ராசிகள் வரிசை கட்டி நிற்கும். மணமகளின் பெயர் ராகேல் என்றால் கிணற்றடியில் யாக்கோபும் ராகேலும். எஸ்தர் என்றால் அரசன் செங்கோல் நீட்டும் காட்சி. மணமகன் தாவீது என்றால் கையில் யாழ். பெயரைப் படமாக்கிவிடுவார்கள். குருமார் வம்சமென்றால் ஆசி வழங்கும் இரண்டு கைகள்; கோயில் பணி செய்த லேவியர் குலமென்றால் தண்ணீர்க் குவளை. பிரபுக்களைப் பார்த்துக் குலச்சின்னமும் போட்டுக்கொண்டார்கள். கிரேக்கத் தேவதைகளைப் போல் ஆடை குறைந்த உருவங்களும் உண்டு. யூத மதகுருக்களான ரபிகள் என்ன முகத்தோடு அதன் கீழே கையெழுத்திட்டார்களோ.

இன்னும் கிட்டே போனால், கோடு என்று நினைத்த ஓரம் கோடே இல்லை என்று தெரியும். எறும்பு வரிசை போலப் பொடி எழுத்தில் வேத வசனம் ஓடிக்கொண்டிருக்கும். ரூத்தின் கதையில் பெரியவர்கள் வாழ்த்தும் வரி அடிக்கடி வரும்: உன் வீட்டுக்கு வரும் பெண்ணை ராகேலைப் போலவும் லேயாளைப் போலவும் ஆண்டவர் ஆக்கட்டும். நடுவில் 200 சூஸ். சுற்றிலும் வாழ்த்து.

செலவு கை மீறிப் போகவே, ரோமிலும் அங்கோனாவிலும் சமூகப் பெரியவர்கள் கெத்துபா அலங்காரத்துக்கு இன்ன தொகைக்கு மேல் செலவிடக் கூடாது என்று உச்சவரம்பு விதித்தார்கள். உச்சவரம்பு போட வேண்டிய அளவுக்குப் போனது என்பதிலிருந்தே மற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

ஜெர்மனி, போலந்துப் பக்கத்து யூதர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம் இல்லை. வாசகமும் தொகையும் எல்லாருக்கும் ஒன்றே என்று ஆகிவிட்டது. போட்டி போட ஒன்றும் மிச்சமில்லை, வெள்ளைத்தாள் போதும்.

ஜனவரி 9, பிறகு

அதிகம் இல்லை என்றேனே, அதற்கொரு விதிவிலக்கு. ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரத்தில் 1392இல் எழுதிய கெத்துபா. இப்போது வியன்னாவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஒருபுறம் கிரீடம் வைத்த மணமகள். மறுபுறம் கூர்த் தொப்பி போட்ட மணமகன், அளவுக்கு மீறிப் பெரிய மோதிரம் ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கிறான். ஓரத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். இடையில் முழுக் கடன் வாசகமும் கிடக்கிறது.

ஜனவரி 10

கிரெம்ஸ் ஆண்டைத் திருத்துகிறேன். யூத ஆண்டிலிருந்து 3760ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும் என்ற வாய்ப்பாட்டைப் போட்டு 5152க்கு 1392 என்று எழுதிவிட்டேன். அவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் வரை 3761ஐக் கழிக்க வேண்டும். ஆகவே 1391-92 என்று போடுவதே ஒழுங்கு. சித்திரையில் ஆண்டு பிறக்கும் நாட்டில் இருந்துகொண்டு நான் இதைத் தவறவிட்டிருக்கக் கூடாது.

ஜனவரி 12

அலங்காரத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பிடித்த பத்திரத்தில் ஒரு பூ கூட இல்லை.

எகிப்தின் தெற்கே, நைல் நதியில் எலிஃபன்டைன் என்ற தீவு. பாரசீகப் பேரரசின் காவல்படையில் யூதர்கள் அங்கே இருந்தார்கள். தங்களுக்கென்று ஒரு கோயிலும் வைத்திருந்தார்கள். அந்தக் கோயில் ஊழியன் அனனியா. கி.மு. 449இல் அவன் மணந்தது தமுத் என்ற எகிப்தியப் பெண்ணை. அவள் மெஷுல்லாம் என்பவனின் அடிமை. பாப்பிரஸில் எழுதிய அந்த ஒப்பந்தம் அவள் கொண்டுவந்ததைச் சொல்கிறது: ஏழு ஷெக்கெல் பெறுமான கம்பளி ஆடை ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, கொஞ்சம் விளக்கெண்ணெய். ஏறக்குறைய அவ்வளவுதான். செருப்பு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் சபையில் எழுந்து நின்று திருமணத்தை முறிக்கலாம் என்றும் இருக்கிறது.

தமுத்துக்கும் அவள் மகளுக்கும் விடுதலை கிடைத்தது 427இல். 420இல் அந்த மகளுக்குத் திருமணம். அவளுடைய சீர்ப் பட்டியல் தாயுடையதைவிடப் பல மடங்கு நீளம். ஒரு குடும்பம் தலையெடுத்த கதையை இரண்டு பட்டியல்களின் நீளத்திலேயே அளந்துவிடலாம். இந்தப் பாப்பிரஸ்களை 1893இல் வாங்கிய அமெரிக்கர் ஒருவர் பெட்டியில் போட்டு வைத்தார். அவர் மகள் 1947இல் இறந்த பிறகுதான் அவை புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தன. இதிலும் ஒரு மகள்.

ஜனவரி 13

"எலிஃபன்டைன் பத்திரம் கெத்துபாவே இல்லை, ரபிகளின் சட்டம் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது" என்று வந்திருக்கும் ஆட்சேபம் நியாயமானது. பாட்டி என்று வைத்துக்கொள்வோம்.

ஜனவரி 15

சட்டப்படி கெத்துபா என்றே சொல்லத்தக்க பழைய ஒன்று வேண்டுமென்றால் பாபதாவிடம் போக வேண்டும். சாக்கடலின் தெற்கு முனையில் மகோசா என்ற ஊர்க்காரி. பேரீச்சந்தோப்புக்காரி. ரோமுக்கு எதிராகப் பார் கோக்பா கிளர்ச்சி 132இல் வெடித்தபோது குகைக்குள் ஓடி ஒளிந்தவர்களில் ஒருத்தி. 35 பத்திரங்களைத் தோல்பையில் கட்டிக் குகையில் மறைத்து வைத்தாள். 1961இல் அகழாய்வாளர்கள் எடுத்தார்கள். உயிருக்கு ஓடும்போது ஒருத்தி எதை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள் பாருங்கள்!

அந்தப் பையில் அவளுடைய கெத்துபாவும் இருந்தது. இரண்டாம் கணவன் யூதா எழுதிக் கொடுத்தது. தொகை 400 தினார். யூதாவுக்கு ஏற்கெனவே மிரியம் என்றொரு மனைவி. அவன் இறந்ததும் பாபதா தனக்குச் சேர வேண்டிய தொகைக்காக அவனுடைய தோப்புகளைப் பிடித்துக்கொண்டு பேரீச்சை மகசூலை விற்றாள். மிரியத்துக்கும் அவளுக்கும் வழக்கு. சக்களத்திச் சண்டையின் சம்மன் உட்பட அந்தப் பையில் இருக்கிறது. காட்சிக்கு மாட்டிவைத்த பத்திரம் அல்ல இது; ஒருத்தி களத்தில் எடுத்து வீசிய பத்திரம்.

ஜனவரி 16

"400 தினார் இன்றைய மதிப்பில் எத்தனை பவுன்?" தயவுசெய்து வேண்டாம். இந்தக் கேள்வி வந்தால் இழை திசை மாறி நகைக்கடைக்குப் போய்விடும்.

ஜனவரி 20

போகத்தான் வேண்டும் போலிருக்கிறது.

கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடம். கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்று பழைய தாள்களையெல்லாம் ஓர் அறையில் போட்டு வந்தார்கள். கெனிசா என்று அதற்குப் பெயர். 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து பெட்டி பெட்டியாக கேம்பிரிட்ஜுக்கு அள்ளிக்கொண்டு போனார். அதில் கெத்துபாத் துண்டுகள் ஏராளம். அலங்கரித்தவையும் உண்டு. என்னை உட்கார வைத்தவை சீர்ப் பட்டியல்கள். தங்க வளையல், மெத்தை, தலையணை, செம்புப் பாத்திரம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலை, கடைசியில் கூட்டுத்தொகை. விலையைக் கூட்டிச் சொல்லும் பழக்கமும் அன்றே இருந்திருக்கிறது. அதனால் சில பத்திரங்களில் "இங்கே ஒரு தினார் என்றால் ஒரு தினார்தான்" என்று தனியாக எழுதி வைத்தார்கள். நம்மூரில் நூறு பவுன் போட்டோம் என்பார்களே, அதை எடை போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

விலை எழுதியதற்கு சட்டக் காரணம் உண்டு. மனைவியின் சொத்து இரண்டு வகை. ஒன்றுக்கு "இரும்பு ஆடு" என்று பெயர்: கணவன் பயன்படுத்தலாம், ஆனால் எழுதிய மதிப்பை முழுதாகத் திருப்பித் தர வேண்டும், ஆடு செத்தாலும் நஷ்டம் அவனுடையது. இன்னொன்று அவள் பெயரிலேயே இருக்கும். வருமானம் மட்டும் அவனுக்கு. ஏறினாலும் இறங்கினாலும் அவளுடையது.

இதைப் படித்த அன்று எனக்குச் சித்தி ஞாபகம் வந்தாள். சித்திக்குப் போட்டது 32 பவுன். ஆறு வருடத்தில் விதைக்கு, கிணறு வெட்ட, மைத்துனன் வேலைக்கு என்று எல்லாம் போய்விட்டது. திரும்பி வந்துவிட்டாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் "பதினெட்டுதான் போட்டார்கள்" என்றார்கள். எங்களிடம் எழுத்து இல்லை. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிய அப்பா, கொழுந்தியாளுக்கு ஒரு வெள்ளைத்தாளில் கூட எழுதி வாங்கவில்லை. "சம்பந்தியிடம் எழுதிக் கேட்பதா, அசிங்கம்" என்றாராம். அடுத்த வருடத்திலிருந்து அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜனவரி 21

நேற்று எழுதியதை நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். சித்தி இணையம் பார்ப்பதில்லை.

அதே கெனிசாவில் இந்தியக் கரையிலிருந்து போன ஒரு தாள். துனிசியாக்காரர் ஆபிரகாம் பென் யிஜு, மிளகும் வெண்கலமும் விற்று மங்களூரில் பதினேழு வருடம் இருந்தவர். 1132 அக்டோபர் 17ஆம் தேதி ஆஷு என்ற பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து எழுதிய பத்திரம் கிடைத்திருக்கிறது. அவளுக்குப் புதிய பெயர் பெராகா. ஆசி என்று பொருள். அவளையே அவர் மணந்தார் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. மகளைப் பின்னாளில் எகிப்தில் அண்ணன் தம்பி வழியிலேயே கட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை கேட்டு வந்தும் சொந்தத்துக்கே கொடுப்பேன் என்று நின்ற தகப்பன்களை நமக்குத் தெரியாதா.

ஜனவரி 28

ஈரானைக் கேட்டிருந்தவருக்குச் சுருக்கமாக. இஸ்ஃபஹான் கெத்துபாவில் சிங்கத்தின் முதுகில் சூரியன் உதிக்கும். அது அந்நாட்டு அரசின் அன்றைய சின்னம். மஷாத் நகரக் கதை வேறு. 1839இல் அங்கே யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். வெளியே முஸ்லிம், வீட்டுக்குள் யூதர். ஒரு திருமணத்துக்கு இரண்டு பத்திரம்: ஊருக்குக் காட்டப் பாரசீக மொழியில் இஸ்லாமிய ஒப்பந்தம், பூட்டிய கதவுக்குப் பின்னால் கெத்துபா. வெளியிலிருந்து பெண் கேட்டு வந்தால் மறுக்கக் காரணம் வேண்டுமே என்று குழந்தைப் பருவத்திலேயே நிச்சயம் செய்தார்கள். அங்கே இரண்டு பத்திரங்களில் எது நகல் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 2

"நம் பக்கத்தில்?" என்று விடாமல் கேட்கிறார்கள். பம்பாய், கல்கத்தா பாக்தாதி யூதர்களின் கெத்துபாக்கள் பளீரென்ற வண்ணத்தில் பறவையும் மீனுமாக இருக்கும். கொச்சியில் மட்டாஞ்சேரி தொழுகைக்கூடத்துக்கு, 1568இல் கட்டியது, இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாம் முறை சீன நீல ஓடுகளை எண்ணியே நேரம் போய்விட்டது. கொச்சி யூத மணப்பெண்ணுக்குக் கெத்துபாவும் இருந்தது, தாலியும் இருந்தது. பெண்கள் மலையாளத்தில் கல்யாணப் பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்களும் உண்டு. ஆண்கள் அரமேயத்தில் தொகை படித்தார்கள், பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள்.

சென்னைக்கு ஒரு மெல்லிய நூல் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டிப் போர்த்துகீசிய யூத வைர வணிகர்கள் இருந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளம் லிவோர்னோவிலிருந்து லண்டன் வழியாக இங்கே வரும், வைரம் அங்கே போகும். நம் பாட்டிகளின் பவளமாலையில் லிவோர்னோ கை பட்டிருக்கலாம். அந்த வணிகர்களில் ஹைமே டி பைவா 1687இல் இங்கேயே இறந்தார். அவர் மனைவி பிறகு கவர்னர் எலிஹு யேல் வீட்டில் வாழ்ந்தது கோட்டை முழுவதும் பேசிய வம்பு.

பிப்ரவரி 11

இரண்டாம் யோசனை. கடனைத் தீர்த்தால் பத்திரத்தைக் கிழித்துவிடுவார்கள். அப்படியானால் அருங்காட்சியகத்தில் இருப்பவை எல்லாம் தீர்க்கப்படாத கடன்கள் என்று நேற்று இரவு வீராவேசமாக எழுதி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் பாதிதான் சரி. விதவை தொகையைக் கேட்காமலே கணவன் வீட்டில் இருந்து, அவன் சொத்திலிருந்து சாப்பிடலாம் என்று ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அது எருசலேம், கலிலேயா வழக்கம். யூதேயாவில் வாரிசுகள் தொகையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். கேட்காமல் இருந்தவர்களின் பெட்டியில் அது அப்படியே கிடந்திருக்கும். கெத்துபா தொலைந்தால், புதிதாக ஒன்று எழுதும்வரை கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கக் கூடாது என்பதும் சட்டம். ஆகவே பத்திரமாக வைத்திருக்க இன்னொரு காரணமும் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 19

இது தேடிப் படித்தது. முன்பே எழுதியிருக்க வேண்டும். கெத்துபா பத்திரமாக ஆவதற்கு முந்தைய கதை, மிஷ்னாவை விவாதிக்கும் பெருநூலான தால்முதில் வருகிறது. முதலில் அந்தப் பணத்தை ரொக்கமாகப் பெண்ணின் பிறந்தகத்தில் வைத்தார்கள். கோபம் வந்தால் கணவன் "உன் கெத்துபா அங்கேதானே இருக்கிறது, போ" என்றான். பிறகு பணத்தைப் பாத்திரமாக்கி கணவன் வீட்டிலேயே வைத்தார்கள்: பணக்காரி என்றால் வெள்ளி, தங்கக் கூடை; ஏழை என்றால் சிறுநீர்ப் பாத்திரம். அப்போதும் "தூக்கிக்கொண்டு போ" என்றான். கடைசியில் சிமியோன் பென் ஷெதாக் என்ற அறிஞர், "என் சொத்து முழுவதும் ஈடு" என்று கணவனை எழுத வைத்தார். இனி போ என்று சொல்ல வாயைத் திறந்தால் தோப்பையோ வீட்டையோ விற்க வேண்டும்.

பாத்திரம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அம்மாவுக்குத் தொலைபேசி போட்டேன். சித்திக்குத் திரும்பி வந்தது என்ன?

"பாத்திரம் பதினொன்றும் வந்துவிட்டது" என்றாள் அம்மா. நகை பற்றிப் பேச்சு முற்றியபோது தாத்தா எழுந்து போய், அவர்கள் வீட்டு அடுக்களையிலிருந்து அண்டாவையும் குடத்தையும் தவலையையும் ஒவ்வொன்றாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து கழுத்தைத் திருப்பிக் காட்டினாராம். ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது. யாரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

அந்த அண்டா இன்னும் சித்தி வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. போன பொங்கலுக்குப் பார்த்தேன். பெயர் வெட்டியவன் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, பிறகு மேலே குறுக்கிச் சேர்த்திருக்கிறான். அப்பா எழுதியிருந்தால் பக்கத்தில் "இடைச்செருகல் 1" என்று போட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பார்.